‘அவுட்லா’வுக்குத் தமிழில் என்ன சொல்? கள்வர், ஆறலை கள்வர், மறவர்... ஒரு டப்பிங் சந்தேகம்

டப்பிங்தாசன் (வடபழனி)

எல்லாருக்கும் வணக்கம். வடபழனியில் ஒரு ஸ்டூடியோவுக்கு டப்பிங் வசனம் எழுதுகிறேன். இப்போது கையில் இருப்பது குதிரை, தொப்பி, புழுதி, துப்பாக்கி வகையறா வெளிநாட்டுத் தொடர். அதில் மூச்சுக்கு மூச்சு ‘அவுட்லா’. நான் முதலில் ‘சட்டத்துக்குப் புறம்பானவன்’ என்று எழுதிக் கொடுத்தேன். நடிகர் வாயை மூடி, துப்பிவிட்டு, குதிரையில் ஏறியும் விட்டார். நம்ம குரல் கலைஞர் இன்னும் ‘புறம்பா’விலேயே நிற்கிறார். ‘கொள்ளைக்காரன்’ போட்டால் பீரோ உடைக்கிறவன் ஞாபகம் வருகிறது. ‘கள்வன்’ என்று மாற்றினேன். டைரக்டர் சிரித்துவிட்டார். “என்ன தம்பி, ஷெரிஃப் லவ் லெட்டரா எழுதுறாரு?” என்றார்.

அவர் கேட்டது எனக்கு உறைத்தது. கள்வன் என்றால் ஏன் காதல் வாடை அடிக்கிறது? பழைய இலக்கியத்தில் காட்டில் வழிமறித்துப் பிடுங்குகிறவர்களுக்கு என்னதான் பெயர்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த ரெக்கார்டிங் வெள்ளிக்கிழமை.

மணலிக்காரன்

‘ரவுடி’ போடுங்க. ஒரு எழுத்து மிச்சம்.

தமிழம்மா (ஓய்வு, எழும்பூர்)

தாசன் தம்பி, நேரடியான சொல் இருக்கிறது. ஆறலை கள்வர். ஆறு என்றால் இங்கே வழி. வழியில் போகிறவர்களை அலைக்கிறவர்கள், அதாவது அடித்துத் துன்புறுத்துகிறவர்கள். பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் யாழை வருணிக்கும்போது சொல்கிறார்:

“ஆறலை கள்வர் படைவிட அருளின்
மாறுதலை பெயர்க்கும் மருவின் பாலை”

பாலைப் பண்ணைக் கேட்டதும் வழிப்பறிக்காரர்கள் கையிலிருக்கிற ஆயுதத்தைக் கீழே போட்டுவிடுவார்களாம். அருளுக்கு மாறான மறம் அவர்களிடமிருந்து பெயர்ந்து போகிறது. முப்பது வருஷம் வகுப்பில் இதை நடத்தினேன். “அப்ப பாட்டு முடிஞ்சதும் திரும்ப எடுத்துப்பாங்களா டீச்சர்?” என்று ஒரு பையன் கேட்டான். இன்று வரை என்னிடம் பதில் இல்லை.

டப்பிங்தாசன்

அம்மா, ‘ஆறலை’ வாய் அசைவுக்கு அட்டகாசமாகப் பொருந்துகிறது! அவுட்லாவில் உதடு ஒட்டுகிற எழுத்து இல்லை, இதிலும் இல்லை. தொடக்கமும் முடிவும் திறந்த வாய். ஆனால் பார்க்கிறவனுக்குப் புரியாதே. குளிக்கிற ஆறு என்று நினைப்பான்.

உரைவெறியன்

புரிவது இருக்கட்டும். முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஆங்கிலத்தில் அவுட்லா என்பது வெறும் திருடன் இல்லை. இடைக்கால இங்கிலாந்தில் அது ஒரு சட்ட நிலை. ஒருவனை அவுட்லா என்று அறிவித்துவிட்டால் சட்டத்தின் பாதுகாப்பு அவனுக்குக் கிடையாது. அவன் தலையை ஓநாய்த் தலை என்றே சொன்னார்கள். ஓநாயைக் கொன்றால் யாரும் வழக்குப் போடமாட்டார்கள் இல்லையா, அது போல. அதாவது சொல்லே கோர்ட்டு வாசலில் பிறந்தது.

நம் சொற்கள் அங்கே பிறக்கவில்லை. அவன் எங்கே நிற்கிறான், எதை வைத்துப் பிழைக்கிறான் என்பதிலிருந்து பிறக்கின்றன. பெரும்பாணாற்றுப்படையைப் பாருங்கள். காஞ்சியின் தொண்டைமான் இளந்திரையன் நாட்டில் வழிப்பயம் இல்லை என்று சொல்ல வருகிறார் உருத்திரங்கண்ணனார்:

“அத்தஞ் செல்வோர் அலறத் தாக்கிக்
கைப்பொருள் வௌவும் களவேர் வாழ்க்கைக்
கொடியோர் இன்று”

களவு ஏர் வாழ்க்கை! உழவனுக்கு ஏர் எப்படியோ இவனுக்குக் களவு அப்படி. திட்டுகிற இடத்திலும் அதை ஒரு பிழைப்பாக ஒத்துக்கொள்கிற சொல். இன்னொரு வேடிக்கை. அதே பாட்டில் கொஞ்சம் தள்ளி “உல்குடைப் பெருவழிக் கவலை காக்கும் வில்லுடை வைப்பின்” என்று வருகிறது. உல்கு என்றால் சுங்கம். சுங்கச் சாலையின் கவர்த்த வழியைக் காக்க வில்லோடு ஆட்கள். வில் ஒன்றுதான், அரசன் வைத்தால் காவல், தானாக வைத்தால் களவு.

மணலிக்காரன்

டோல்கேட்டைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போறேன். அந்தப் பாட்டு வரி எண் குடுங்க.

உரைவெறியன்

81, 82. பில்லின் பின்னால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழம்மா (ஓய்வு, எழும்பூர்)

உரைவெறியன் சொல்வதில் இன்னும் ஒரு படி போகலாம். பாலைப் பாட்டுகளில் வழிமறிக்கிறவர்கள் நிறைய வருகிறார்கள், ஆனால் ‘கள்வர்’ என்று அவர்களைச் சொல்வது குறைவு. புறநானூறு 3இல் அவர்கள் “செந்தொடை பிழையா வன்கண் ஆடவர்”. அவர்களுடைய அம்பு பட்டு விழுந்தவர்கள் மேல் கல்லைக் குவித்த புதிய பதுக்கை, அதன் மேல் வருந்தி உட்கார்ந்திருக்கும் பருந்து. கலித்தொகை 4இல் “கடுங்கண் மறவர்”. அங்கே ஒரு வரி எனக்குத் தூக்கம் கெடுத்த வரி. வருகிறவனிடம் பறிக்கப் பொருள் இல்லை என்றாலும், அவன் துடிப்பதைப் பார்ப்பதற்காகவே தொடர்ந்து போய் உயிரை எடுப்பார்களாம். “துள்ளுநர்க் காண்மார்.” பறவை கூடப் பறக்காத வழி அது. இவ்வளவு கொடூரத்தைச் சொல்லியும் கள்வர் என்று சொல்லவில்லை, மறவர் என்றுதான் இருக்கிறது.

மறம்72

அம்மா, மன்னிக்கவும். மறவர் என்றால் கொள்ளைக்காரர் என்று பொதுவெளியில் எழுதுவது சரியா? எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இதைப் படிக்கிறார்கள்.

தமிழம்மா (ஓய்வு, எழும்பூர்)

நியாயமான கேள்வி தம்பி. நான் அப்படிச் சொல்லவில்லை. மறம் உள்ளவன் மறவன். படையில் முன்னால் நிற்கிற வீரனையும் அதே சொல்தான் குறிக்கிறது, அதுதான் அதிகம். ஒரு குணத்துக்கும் தொழிலுக்கும் இருந்த பெயரை இன்றைய சமூகத்தின் தலையில் வைப்பது தப்பு. வெள்ளைக்காரன் அதைத்தான் சட்டமாகவே செய்தான். 1871இல் கொண்டு வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பையே குற்றமாக்கியது. சென்னை மாகாணத்துக்கு 1911இல் வந்தது. கைரேகை வைக்க மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் சுட்டார்கள். 1947இல்தான் இங்கே ரத்தானது. இந்த வரலாறு தெரிந்தவர்கள் சங்கப் பாட்டை எடுத்துக்கொண்டு யார் மேலும் முத்திரை குத்தமாட்டார்கள்.

மறம்72

சரிங்கம்மா. இப்படி விளக்கமாகச் சொன்னால் எனக்கு ஒன்றும் இல்லை.

நெறியாளர்

சாதி பற்றி இதற்கு மேல் வேண்டாம். இலக்கியத்தோடு நிற்கவும். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்; எழுதியவர்களுக்குக் காரணம் தெரியும்.

காசிமேடு காற்று

சூடு தணிய ஒண்ணு சொல்லட்டுமா? ஐங்குறுநூற்றில் ‘கள்வன் பத்து’ என்றே ஒரு பத்து இருக்கு, ஓரம்போகியார் எழுதியது. திருடன்னு நினைச்சுப் பரபரப்பா எடுத்தேன். பத்துப் பாட்டும் நண்டு! “புள்ளிக் களவன் ஆம்பல் அறுக்கும்”னு வருது. சில பதிப்பில் கள்வன், சிலதில் களவன். விடியக்காலையில் காசிமேடு ஏலத்தில் புள்ளி நண்டு கூடையிலிருந்து எட்டிப் பார்த்துப் பக்கவாட்டில் நழுவுறதைப் பார்த்தவனுக்கு அந்தப் பேர் ஏன் வந்ததுன்னு கேட்கவே தோணாது.

டப்பிங்தாசன்

அண்ணே, ஷெரிஃப் நண்டைத் தேடுறாரா இப்ப? :) ஆனால் என் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. கள்வனில் காதல் எப்படி வந்தது?

தமிழம்மா (ஓய்வு, எழும்பூர்)

குறுந்தொகை 25, கபிலர். பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். “யாரும் இல்லைத் தானே கள்வன்.” அவன் என்னை மணந்த அன்று சாட்சிக்கு வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான் இருந்தான். அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? தினைத்தாள் போல மெலிந்த காலோடு ஒரு குருகு நின்றது, அதுவும் ஓடுகிற நீரில் ஆரல் மீன் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

இதில் கொஞ்சல் என்று நினைத்தால் பாதிதான் பிடிபடும். வழக்கு மொழி இது. சாட்சி, பொய்ப்பு, கள்வன். ஒருத்தி தன் வழக்கைத் தனக்குத்தானே வாதாடுகிறாள், குற்றவாளியைத் தவிரச் சாட்சி இல்லை. கலித்தொகை 51இல் அதே கபிலர் பெயரில் இருக்கிற பாட்டில் “செய்தான் அக்கள்வன் மகன்” என்று முடியும்போதுதான் சிரிப்பு வருகிறது. தண்ணீர் கேட்டு வந்தவன் வளைக்கையைப் பற்றினான். அலறியவள், அம்மா ஓடி வந்ததும் “உண்ணு நீர் விக்கினான்” என்று மாற்றிச் சொல்லிவிட்டாள். அங்கே யார் கள்வன் என்பதே சந்தேகம்.

உரைவெறியன்

அடிப்படையைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே அம்மா. ஊரறியாமல் காதலிப்பதற்கு இலக்கணம் வைத்த பெயரே களவு. தொல்காப்பியத்தில் களவியல் ஒரு தனி இயல். இது பின்னால் வந்தவர்களுக்குச் சங்கடமாகவே இருந்திருக்கிறது. இறையனார் களவியல் உரையில் ஒரு இடம். களவு என்ற சொல்லைக் கேட்டு எல்லாக் களவும் தீது என்று நினைக்காதே, நல்ல களவும் உண்டு என்கிறார் உரைகாரர். அதற்கு அவர் சொல்கிற கதையை என் நடையில் சொல்கிறேன்.

ஒருத்தி வீட்டாரோடு சண்டை. நஞ்சைக் கலந்து வைத்துவிட்டு, தடுக்க ஆள் இல்லாத நேரம் பார்த்துக் குடிக்கலாம் என்று காத்திருக்கிறாள். இரக்கமுள்ள ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, அவளுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிடுகிறான். அவள் வந்து பார்த்தால் நஞ்சு இல்லை. பிழைத்தாள். அவன் செய்தது களவுதானே? அதில் தீமை எங்கே?

என்ன வாதம் பாருங்கள்! காதலுக்கு வக்காலத்து வாங்கப் போய், சாகத் துணிந்த பெண்ணையும் அவள் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனையும் இழுத்து வந்திருக்கிறார். இந்தக் கதையை நான் யாரிடமும் சொல்லாமல் இருந்ததில்லை. என் மனைவிக்கு மனப்பாடம்.

இன்னொன்று. தொல்காப்பியர் ஆநிரை கவர்வதற்கும் களவு என்றே சொல்கிறார். “வேந்துவிடு முனைஞர் வேற்றுப்புலக் களவின் ஆதந்து ஓம்பல்.” வேந்தன் அனுப்பியது, ஆனாலும் களவு. சொல்லை மழுப்பவில்லை. புறப்பொருள் வெண்பாமாலை இதையே மன்னுறு தொழில், தன்னுறு தொழில் என்று பிரிக்கிறது: ராஜா சொல்லி மாடு பிடித்தது, தானாகப் பிடித்தது. மாட்டுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அல்லிக்கேணி

அப்படியே கோயில் பக்கமும் வாருங்கள். சம்பந்தர் முதல் பாட்டிலேயே “என் உள்ளங்கவர் கள்வன்” என்றுவிட்டார். வைணவத்தில் கேட்கவே வேண்டாம். ஸ்ரீவைகுண்டத்தில் பெருமாள் பெயரே கள்ளபிரான். காஞ்சியில் காமாட்சியம்மன் கோயிலுக்குள் இருக்கிற திவ்ய தேசம் திருக்கள்வனூர்.

தாசன் சாருக்கு வேண்டிய ஆள் திருமங்கையாழ்வார். குதிரை உண்டு, வழிப்பறி உண்டு, கடைசியில் மனமாற்றமும் உண்டு. பெருமாளையே வழிமறித்துப் பறித்ததை ஸ்ரீரங்கத்தில் இன்றும் வேடுபறி உற்சவமாக நடத்துகிறார்கள். பெரிய திருமொழி முதல் பத்திலேயே “கள்வனேன் ஆனேன் படிறுசெய் திருப்பேன்” என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அந்தக் குதிரை வாகனத்தைப் பார்த்தவர்களுக்கு உங்கள் தொடரில் வருகிற தொப்பிக்காரர்கள் ஒரு பொருட்டே இல்லை.

மணலிக்காரன்

பறி கொடுத்தவங்க யாராவது பாட்டு எழுதியிருக்காங்களா? எப்பவும் திருடன் கதையாவே இருக்கு.

அல்லிக்கேணி

அருமையான கேள்வி. இருக்கிறதே! சுந்தரர், திருமுருகன்பூண்டி. சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடு வரும்போது வேடர்கள் பறித்துக்கொண்டார்கள். பறித்தது சிவபூதங்கள்தான், வேடர் வேஷத்தில் என்று பெரியபுராணம் சொல்லும். சுந்தரர் நேரே கோயிலுக்குப் போய்ச் சண்டை போடுகிறார்.

“கொடுகு வெஞ்சிலை வடுக வேடுவர் விரவலாமை சொல்லித்
திடுகு மொட்டெனக் குத்திக் கூறைகொண்டு ஆறலைக்கும் இடம்”

திடுகு, மொட்டு! குத்து விழுகிற சத்தம் அப்படியே காதில் கேட்கிறது. கட்டியிருந்த துணியைக் கூட விடவில்லை. அப்புறம் கடவுளைப் பார்த்து, “எத்துக்கு இங்கிருந்தீர் எம்பிரானீரே”. இப்படி ஒரு ஊரில் நீர் எதுக்கய்யா உட்கார்ந்திருக்கிறீர்? போலீஸ் ஸ்டேஷன் வாசலிலேயே பர்ஸ் அடித்தால் நாம் கேட்கிற கேள்வி.

டப்பிங்தாசன்

“எத்துக்கு” அந்தக் காலத்திலேயே இருக்கா! அதை இப்பவே திருடிக்கொள்கிறேன்.

காசிமேடு காற்று

சென்னைக்குப் பக்கத்திலேயே ஒரு தலைவன் இருந்தானே, வேங்கடத்துப் புல்லி? அகநானூறு 61, மாமூலனார். “கழல்புனை திருந்தடிக் கள்வர் கோமான், மழபுலம் வணக்கிய மாவண் புல்லி”. கள்வர் கோமான்னு சொல்லி மூச்சு விடறதுக்குள்ள ‘மாவண்’, பெரிய வள்ளல். மாதவரத்தில் திருப்பதி பஸ் ஏறினா நாலு மணி நேரத்துல அவன் ஊரு. இன்னைக்கு அந்த மலையில உண்டியல் இருக்குது, தாங்களா போடறாங்க.

உரைவெறியன்

அந்தக் ‘கள்வர்’ ஒரு குடிப்பெயரா, தொழிற்பெயரா என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே சண்டை உண்டு. களப்பிரரோடு முடிச்சுப் போட்டவர்களும் இருக்கிறார்கள். என் கட்சி, அந்த முடிச்சுக்கு அந்த இரண்டு வரி தாங்காது.

நிலா_அண்ணாநகர்

இத்தனை பேர் பேசியும் சிலப்பதிகாரம் வரவில்லையா? கண்ணகி ராஜாவைக் கள்வன் என்று சொன்னாளே, அதை விடப் பெரிய உதாரணம் வேண்டுமா?

தமிழம்மா (ஓய்வு, எழும்பூர்)

நிலா, அங்கேதான் எல்லாரும் தவறுகிறோம். கண்ணகி அவனைக் கள்வன் என்று சொல்லவே இல்லை. “தேரா மன்னா” என்கிறாள், அவ்வளவுதான். அந்தச் சொல் எப்படிக் கை மாறுகிறது என்று பாருங்கள். முதலில் பொற்கொல்லன்தான் அரசனிடம் “கோயிற் சிலம்பு கொண்ட கள்வன்” என்கிறான். ‘சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருக்குமானால்’ என்ற அர்த்தத்தில் அரசன் அதை வாங்கி உச்சரிக்கிறான்: “கன்றிய கள்வன் கையது ஆகில்”. ‘ஆகில்’ இருக்கிறது, விசாரணைக்கு இடம் இருக்கிறது. காவலர்களில் சிலருக்குக் கோவலன் முகத்தைப் பார்த்துச் சந்தேகம். பொற்கொல்லன் விடவில்லை, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் என்று திருடர்களுக்குத் துணையான எட்டைப் பட்டியல் போட்டு விரிவுரையே நடத்துகிறான். அவன் பேசி முடிப்பதற்குள் அந்த ‘ஆகில்’ காணாமல் போய்விடுகிறது. கல்லாக் களிமகன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

பிறகு கண்ணகி சூரியனைக் கேட்கிறாள், “காய்கதிர்ச் செல்வனே, கள்வனோ என் கணவன்?” பதில் வருகிறது, “கள்வனோ அல்லன்”. சபையில் அரசன், “கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று”. சிலம்பு உடைகிறது, மணி தெறிக்கிறது. “யானோ அரசன் யானே கள்வன்.” கோவலன் மேல் வீசிய சொல் ஊரைச் சுற்றி வந்து, வீசியவன் வாயாலேயே அவன் மேல் விழுகிறது. அவள் அதை அரசன் மேல் வீசவே இல்லை.

நிலா_அண்ணாநகர்

இத்தனை வருஷம் தப்பாகவே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். பட்டிமன்றத்தில் கைதட்டல் வேறு வாங்கியிருக்கிறேன்.

உரைவெறியன்

அதே சிலம்பில் வேட்டுவ வரியை விட்டுவிடாதீர்கள். சாலினி என்கிற சாமியாடி மேல் தெய்வம் ஏறி எயினர்களை, அதாவது வேட்டுவர்களை, ஏசுகிறது. ஊர்களில் மாடு பெருகிக் கிடக்கிறது, உங்கள் மன்று பாழாய்க் கிடக்கிறது, “அறக்குடி போலவிந் தடங்கினர் எயினரும்”. நல்ல குடும்பத்து ஆட்கள் மாதிரி அடங்கிப் போய்விட்டீர்களேடா என்று வசவு! நம் இலக்கியத்தில் ‘சட்டத்துக்கு வெளியே’ என்ற நினைப்புக்கு மிகப் பக்கத்தில் வருகிற வரி இதுதான் என்பேன். வெளியே நின்று அவர்கள் பார்க்கும்போது நாம்தான் கேலிப்பொருள்.

டப்பிங்தாசன்

இது நம்ம கதாநாயகனுக்கு அப்படியே பொருந்துகிறது. ஊர்ப்பக்கம் வீடு கட்டி, வேலி போட்டு, அடங்கிப் போன பழைய கூட்டாளியை அவன் கிண்டல் செய்கிற காட்சி இருக்கிறது.

நகரத்துத் திருடர்கள் பற்றி ஏதாவது? ஒரு பேங்க் கொள்ளை எபிசோடும் இருக்கிறது.

தமிழம்மா (ஓய்வு, எழும்பூர்)

மதுரைக்காஞ்சி, மாங்குடி மருதனார். நள்ளிரவு மதுரை. இடையில் வாள், காலில் செருப்பு, நீலக் கச்சு, இடுப்பைச் சுற்றி மெல்லிய நூலேணி, சுவரடியில் மண் தோண்ட உளி. அவர்களுக்குப் பெயர் “கண்மாறு ஆடவர்”. கண் மாறுவதற்குள் மறைகிறவர்கள். அவர்கள் ஒளிந்திருக்கிற இடத்தை, களிற்றைப் பார்க்கிற புலி போலத் தூங்காமல் தேடுகிறார்கள் ஊர்காப்பாளர். உங்களுக்கு உடையலங்காரமே எழுதிக் கொடுத்திருக்கிறார் மருதனார்.

மணலிக்காரன்

கண்மாறு ஆடவர் செமயா இருக்கே. நம்ம பஸ்ஸுல போன் அடிக்கிறவனுக்கு இதுதான் சரியான பேர்.

டப்பிங்தாசன்

வெள்ளிக்கிழமை ரெக்கார்டிங் முடிந்தது. கணக்கு ஒப்பிக்கிறேன்.

கதாநாயகி வாயில் ‘கள்வன்’ ஒரே ஒரு இடத்தில், அவன் பொய் சொன்னது தெரிந்த பிறகு. டைரக்டர் ஒன்றும் சொல்லவில்லை. ஷெரிஃப் ‘கொள்ளைக்காரப் பய’ என்கிறார், வேறு வழியில்லை. கூட்டத்தின் பெயராக ‘ஆறலைக் கூட்டம்’ என்று வைத்தேன். பெயர் என்பதால் யாரும் அர்த்தம் கேட்கவில்லை. கிண்டல் காட்சியில் “நல்ல குடும்பத்து ஆள் மாதிரி அடங்கிட்டியேடா” ஓகே ஆகிவிட்டது. சாலினிக்கு நன்றி.

மாட்டிக்கொண்டது ஒரே இடம். வண்டியை மறித்து, துப்பாக்கியை நீட்டி, முகமூடிக்காரன் பணத்தைக் கேட்கிறான். குளோசப். வாய் ஒரே ஒரு தடவை திறந்து மூடுகிறது. ‘குடு’ போட்டோம், கெஞ்சல் மாதிரி இருந்தது. ‘எடு’ போட்டோம், பக்கத்தில் இருப்பவனிடம் சொல்வது போல ஆனது. அரை மணி நேரம் போனது.

உரைவெறியன்

குறள் 552 பார்க்கவில்லையா? “வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு.” செங்கோலோடு நிற்கிற அரசன் கேட்பது, வேலோடு வழியில் நிற்கிறவன் கேட்பது மாதிரி. வள்ளுவர் அந்த ஆளுக்கு எழுதிக் கொடுத்த வசனம் ஒரே ஒரு சொல்தான்.

டப்பிங்தாசன்

அதைத்தான் சார் சொல்ல வந்தேன். கன்சோலில் உட்கார்ந்திருந்த இன்ஜினியர், திருநெல்வேலிப் பக்கம், எதையுமே படிக்காத மனுஷன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவர், ஹெட்போனைக் கழற்றாமலே சொன்னார்: “‘இடு’ன்னு சொல்லிப் பாருங்களேன்.”

முதல் டேக்கிலேயே உட்கார்ந்துவிட்டது.